இலேசான கூடாரம்

மான்சன், மெய்ன்
6 மே 2003

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பியரிஸ்பர்க் தபால் நிலையத்தில் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது உன் குதிகால் புண் ஆறியிருக்க வேண்டும், ஒரு வேளையாவது நீ வயிறார உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீ போட்ட அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அம்மாதான் முதலில் படித்தாள். "ரெண்டு பேர் படுக்கிற டென்ட்ட ஒருத்தியா சுமக்கிறேன், தோள் ரெண்டும் போச்சு, அடித்துணித் தையல்ல தண்ணி ஏறுது, வேற எத வாங்கட்டும்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுப்பா" என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதைச் சத்தமாக எனக்குப் படித்துக் காட்டினாள். "அம்மாகிட்ட கேட்டு" என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆர்லோவக் கூப்பிடு" என்றாள். குளிர்காலம் முழுக்க அவள் முகத்தில் நான் பார்க்காத தெளிவு அது.

உண்மையைச் சொன்னால் அந்தக் கூடாரத்தின் மேல் குற்றமில்லை. வாங்கும்போது நீங்கள் இரண்டு பேர். பிப்ரவரியில் உன் அம்மாவின் கால் மூட்டு மக்கர் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அதன் பாதி எடையை அவள் சுமந்துகொண்டு, ஜார்ஜியாவிலிருந்து நம் மெய்ன் வரை வரும் மலைத் தடத்தில் உனக்கு முன்னால் நடந்திருப்பாள்.

ஆர்லோ மறுநாளே தன் கடையிலிருந்து மூன்று கூடாரங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கொல்லையில் ஓரமாக இன்னும் பனி கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் சேறு. துணிக் கொடிக்குக் கீழே கொஞ்சம் மேடான இடத்தில் மூன்றையும் அடித்தோம். அம்மா மூன்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினாள். அவள் வேலை வாங்குவது உனக்குத் தெரியும். "ஆர்லோ, அந்த முளைய நேரா அடிக்காத, சாய்ச்சு அடி. கடை வச்சிருக்கிற நீ. உனக்கு நான் சொல்லித் தரணுமா?" என்றாள். ஆர்லோ, "அதுக்குத்தான கோரின் நான் இந்த ஊர்லயே தங்கிட்டேன், உங்ககிட்ட திட்டு வாங்க" என்றான். அவனும் ஒரு காலத்தில் தடத்தில் நடந்து வந்து நம் வீட்டில் அப்பம் தின்றவன்தானே. இத்தனை வருடங்களாக இந்த வீட்டில் தங்கிக் கொடியில் ஈரக் கூடாரம் காயப்போட்ட நடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் அம்மா விசாரித்திருக்கிறாள். எது ஒழுகியது, எது கிழிந்தது, எதை வழியில் வீசிவிட்டு வந்தார்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தான் மட்டும் ஒரு இரவுகூட மலையில் படுத்ததில்லை.

அப்புறம் குழாயைக் கொண்டு வா என்றாள். தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டுமாம். சரி என்று கொண்டுவந்தேன். பார்த்தால், அவள் கம்பளியை எல்லாம் கழற்றிவிட்டு முதல் கூடாரத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறாள். ஆர்லோ படுக்கட்டும், நீ வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "ஆர்லோ படுத்தா ஆர்லோ நனைஞ்சானான்னுதான் தெரியும். டெல் என் உயரம். தண்ணிய அடி லியோ, கரைஞ்சு போறதுக்கு நான் என்ன சர்க்கரைக் கட்டியா?" என்றாள். அடித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

மூன்றில் ஒன்று, உடம்பை ஒட்டினாற்போல நீளமாகப் படுத்திருக்கும் குழல் மாதிரியான கூடாரம். உள்ளே எழுந்து உட்காரக்கூட இடமில்லை. அதில் படுத்துப் பார்த்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "பெட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. இதுக்கு இன்னும் நாள் இருக்கு, இத மடிச்சு வை" என்றாள். ஆர்லோ சிரித்தான். நான் குழாயைச் சரிசெய்யக் குனிந்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று பழைய வகை, இரட்டைத் துணி. உள்ளே வலைத் துணி, மேலே தனியாக மழைத் துணி, சொந்தமாக அலுமினியக் கம்பிகள். நான்கு பவுண்டு இருக்கும். இன்னொன்று ஒற்றைத் துணி. கம்பியே கிடையாது, உன் ஊன்றுகோல்களையே நட்டு நிறுத்த வேண்டும். முழுதாகச் சுருட்டினால் ஒரு ரொட்டி அளவுதான், அதன் எடை இரண்டு பவுண்டுகூட வராது. அம்மா இரண்டிலும் படுத்தாள். இரட்டைத் துணியில் ஒரு சொட்டு விழவில்லை. ஒற்றைத் துணியில் தையலில் இரண்டு இடத்தில் ஒழுகியது, உள்பக்கம் மூச்சுக் காற்று பட்டு வேர்த்து, அவள் முழங்கை படும் இடமெல்லாம் ஈரம். வெளியே வந்து, "இரட்டைத் துணிதான். பேச்சே கிடையாது" என்றாள்.

நான் ஒற்றைத் துணிதான் என்றேன். எனக்கே ஆச்சரியம். சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவனுக்குக் கூடாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். எடை பாதியாகக் குறைந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மைல் கூடுதலாக நடப்பாய் என்று ஆர்லோ சொல்கிறான். அக்டோபர் பனி விழுவதற்கு முன்னால் நீ தடம் முடியும் மலையுச்சியைத் தொட வேண்டும். முட்டிக்கு நல்லது, தோளுக்கு நல்லது. ஒழுகுகிற தையலுக்கு மெழுகு பூசிக்கொள்ளலாம். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எதுக்கு லியோ அவள விரட்டற?" என்றாள். குழாயைச் சுற்றி வைத்தேன்.

ஆர்லோவைக் கேட்டால் வழவழா கொழகொழா. "ரெண்டும் சரிதான், ரெண்டும் தப்புதான். கனம் கொறஞ்சா பகல்ல முதுகு சிரிக்கும், ராத்திரி நீங்க அழுவீங்க" என்கிறான். இதற்கு ஒரு கடை வேறு.

எப்படியோ, அம்மா சொன்னதுதான் முடிவு. இரட்டைத் துணியையே வெய்ன்ஸ்பரோ தபால் நிலையத்துக்கு அனுப்பிவைக்கிறேன். நீ அங்கே போய்ச் சேரும்போது பார்சல் இருக்கும். பழையதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு.

பெரணித் தளிர் வந்துவிட்டது. ஆற்றோரம் போய்ப் பறித்து வந்து வெண்ணெயில் வதக்கினேன். அம்மா நான்கு தளிர் சாப்பிட்டாள். ஊராட்சியில் எனக்குக் கொஞ்ச நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வீட்டில்தான் இருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

(இந்த இடத்தில் மூன்று வரி அடித்திருப்பது அம்மா. அவள் படித்த பிறகுதான் உறை ஒட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே, நன்றாகவே அடித்திருக்கிறாள்.)

பார்த்து நட. கடவுள் துணை.

அன்புடன்,
உன் அப்பா,
லியோனல்

டெல், மூட்டு அப்படியேதான் இருக்கு. அப்பா பேச்சைக் கேட்காதே. நீ அவசரப்படாமல் நட. ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கிக் கால் நனை. நான் கேட்பேன், எந்த ஆறு எப்படி இருந்தது என்று. – அம்மா


மான்சன்
19 ஜூன் 2003

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

நலம். உன் நலம் கேட்டு எழுதுகிறேன், ஆனால் நலமாக இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெய்ன்ஸ்பரோவில் நீ பார்சலைப் பிரித்தபோது இரட்டைத் துணிக்குப் பதில் ஒற்றைத் துணி இருந்தது அம்மாவின் மனமாற்றம் அல்ல. அம்மா கட்டிக் கொடுத்த பார்சலை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் ஆர்லோவின் கடை இருக்கிறது. அங்கே நிறுத்தி, மாற்றிக் கட்டி அனுப்பிவிட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போதே அவளிடம் சொல்லியும்விட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தக் குளிர்ல நான் நனைஞ்சது உன் பொழுதுபோக்குக்கா லியோ?" என்றாள். அடுத்த நாள் சாயங்காலம் தானாகவே, "சரி, வெயில் காலம்தான, பொழச்சுக்குவா" என்றாள்.

சில வாரத்தில் உன் கடிதம் வந்தது. ஷெனன்டோவா மலையில் அந்தப் புயல். முளை பிடுங்கிக்கொண்டு, துணி முழுக்க உன் மேலே விழுந்து, நனைந்த பையோடு ரோட்டோரக் கழிப்பறைக்குள் போய் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒதுங்கியிருந்த ஜார்ஜியாக் கிழவர்கள் இருவர் பிஸ்கட் கொடுத்ததையும், அவர்கள் பாடிய பாட்டையும் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாய். அம்மா சிரிக்கவில்லை. படித்து முடித்துத் திரும்ப முதலிலிருந்து படித்தாள். அப்புறம் என்னிடம், "அங்க இப்பவும் மழை பெய்யுதா?" என்று கேட்டாள். நீ எழுதி எத்தனையோ நாளாகிவிட்டது, புயல் எப்போதோ ஓய்ந்திருக்கும் என்றேன். "பெய்யுதான்னு கேட்டேன்" என்றாள். வானொலியைத் திருகிப் பார்த்தேன். நம் ஊர் ஏரியில் படகு விடலாமா என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். வர்ஜீனியாவில் மழையா வெயிலா என்று சொல்ல இங்கே ஆளில்லை. தெரிந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? இங்கிருந்து ஒரு குடையைப் பிடிக்க முடியுமா?

இனி அம்மா சொல்லச் சொன்னவை. பள்ளத்தில் கூடாரம் அடிக்காதே. புல் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதே, புல் நன்றாக இருந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது என்று அர்த்தம். காற்று வரும் பக்கம் கூடாரத்தின் முதுகைக் காட்டு. முளை ஏறாத பாறை நிலமாக இருந்தால் கயிற்றைக் கல்லில் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை வை. தையலுக்குப் பூச ஒரு சிறிய குப்பியை ஆர்லோ தருகிறான், இந்தக் கடிதத்தோடே வரும். வெயில் நாளில் பூசி, முழு நாள் காயவிடு. முழு நாள் என்று அடிக்கோடு போடச் சொன்னாள். போட்டிருக்கிறேன்.

இரண்டு பெண்களோடு சேர்ந்து நடப்பதாக எழுதியிருந்தாய். நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் உனக்குத் 'தபால்' என்று பெயர் வைத்ததைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிக்கிறாள். ஊருக்கு ஊர் ஓடிப்போய்க் கடிதம் வாங்குகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவர்கள் மெதுவாக நடப்பதால் நீயும் மெதுவாக நடப்பதாக எழுதியிருக்கிறாய். நீந்துகிறீர்களாம். அம்மா அதைக் கேட்டு, "நீந்தட்டும், நீந்தட்டும்" என்றாள். நானும் அதையே எழுதுகிறேன்.

வீட்டில் சிறிய மாற்றம். அம்மாவின் கட்டிலை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கிவிட்டேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. சமையலறைச் சுவரில் இருந்த உன் தடத்தின் வரைபடத்தையும் அங்கேயே மாட்டச் சொன்னாள். ஊர் நர்ஸ் வெர்னா இப்போது அடிக்கடி வருகிறாள், சீட்டாட. அம்மாதான் ஜெயிக்கிறாள் என்று எழுதச் சொன்னாள்.

போன வாரம் நீ போனில் கூப்பிட்டது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பேசி முடித்ததும் அன்று மதியம் முழுவதும் தூங்கினாள்.

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து கொஞ்ச தூரம் தரை சமமாக இருக்கும் என்று ஆர்லோ சொல்கிறான். அங்கே கொஞ்சம் எட்டி நடக்க முடியுமா பார். முடிந்தால்தான்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா


மான்சன்
27 ஜூலை 2003

அன்புள்ள டெல்,

நலம். சுருக்கமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா ப்ளூபெர்ரி பறிக்கப் போயிருந்தாள். அதற்கு முந்தின முறையும் அப்படித்தான் ஆயிற்று. இந்த வருடம் காய்ப்பு அதிகம். உன்னிடம் அப்படிச் சொல்லச் சொன்னாள்.

நீ எழுதிய ஹட்சன் ஆற்றுப் பாலத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குக் கண்ணாடி ஒத்துக்கொள்வதில்லை. நான்தான் படித்துக் காட்டுகிறேன். பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தபோது கால் கூசியது என்று எழுதியிருந்தாய். "எனக்கும் கூசுது" என்றாள்.

மூத்திரப் பை கட்டாமல், மன்னிக்கவும், அந்த வரியை விடு. வேறு ஏதோ நினைவில் எழுதிவிட்டேன். தண்ணீர்ப் பை, தண்ணீர்ப் பை. உன் தண்ணீர்ப் பையில் ஓட்டை என்று சொன்னாயே, வேறு வாங்கிவிட்டாயா?

தையல் இப்போது ஒழுகவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லது. ஒற்றைத் துணியே போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா


மான்சன்
14 ஆகஸ்ட் 2003

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்சலின் மேலேயே ஒட்டி ஹேனோவர் தபால் நிலையத்துக்கு அனுப்புகிறேன். பார்சலில் இருப்பது இரட்டைத் துணிக் கூடாரம். ஹேனோவரைத் தாண்டினால் வெள்ளை மலைகள் தொடங்குகின்றன, அங்கே மரமில்லாத முகட்டில் காற்று ஆளையே தள்ளும், அம்மா சொன்ன கூடாரத்துக்கே மாறிவிடலாம் என்று நீயே எழுதிவிட்டாய். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சொன்ன வார்த்தை இதுதான்: "இப்பவாவது நான் கட்டுறத அனுப்புவியா?"

ஆர்லோ அன்று மதியமே கூடாரத்தைக் கொண்டுவந்தான். வெளியே அடிக்க வேண்டாம், இங்கேயே அடியுங்கள் என்றாள். முன்னறையில் நாற்காலிகளை நகர்த்தி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். முளை அடிக்க முடியாதல்லவா, நான்கு மூலைக்கும் நான்கு விறகுக் கட்டை வைத்தோம். அம்மா படுத்தபடியே கையை நீட்டித் தையலைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு தையலாக, நேரம் எடுத்துக்கொண்டு. ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு கயிறு கூடுதலாக் கட்டு" என்றாள். ஆர்லோ கட்டினான். "இன்னும் இழு" என்றாள். அவன், "இதுக்கு மேல இழுத்தா கிழிஞ்சிடும் கோரின்" என்றான். "உன் கடைத் துணி அவ்வளவுதானா?" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சுப் போட்டான்.

அவள் சொல்லச் சொன்னது: முகட்டில் படுக்காதே, மர எல்லைக்குக் கீழே இறங்கிப் படு. மதியத்துக்கு மேல் மேகம் கூடினால் உச்சிக்கு ஏறாதே, அடுத்த நாள் மலை அங்கேயேதான் இருக்கும். ஹேனோவரில் தோழிகளோடு ஒரு வாரம் தங்கப்போகிறேன், ஒருத்திக்குப் பிறந்தநாள் என்று எழுதியிருந்தாய். தாராளமாகத் தங்கு, உடம்பு தேறும். கேக்கில் தன் பங்கையும் சேர்த்துச் சாப்பிடு என்றாள்.

இதுவரை அம்மா சொன்னது. அவள் தூங்கிவிட்டாள். இனி எழுதுவது நான். இந்தப் பக்கத்தை அவள் பார்க்கப்போவதில்லை.

மகளே, பிப்ரவரியில் உன் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். பாங்கர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, காருக்குள் உட்கார்ந்து. என்ன வாக்கு என்று சொன்னாலே அது போய்விடும். அதனால் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவள் பேசியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதைச் சொல்லக் கூடாது என்று அவள் கேட்கவில்லை. "எத்தனையோ பேரோட பிள்ளைங்க ஜார்ஜியாவுல ஆரம்பிச்சு இந்த வாசல் வழியா நடந்து வந்திருக்காங்க லியோ. அழுக்கா, பசியோட, சிரிச்சுக்கிட்டு. என் பொண்ணு அப்படி வர்றத நான் பாக்கணும். கார்ல வந்து எறங்கி அழுற பொண்ண நான் பாக்க வேணாம்" என்றாள்.

நான் சரி என்றேன். நீ இந்த வாசலுக்கு வந்து சேரும் செப்டம்பர் அப்போது அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

மே மாதத்திலிருந்து உனக்கு எடை, எடை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் தோள் வலியை நினைத்து எழுதினேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் முதுகில் ஒரு பவுண்டு குறைந்தால் வரைபடத்தில் நீ எவ்வளவு நகர்வாய் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உன்னை நனையாமல் காக்கப் பார்த்தாள். நான் உன்னை விரட்டப் பார்த்தேன். புயலில் நீ நனைந்ததற்கு நான்தான் காரணம். அதற்காக என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் இன்றைக்கும் என் கையில் விட்டால் ஒற்றைத் துணியைத்தான் அனுப்புவேன்.

ஆனால் அனுப்பவில்லை. அவள் விரலால் தடவிக் கொடுத்ததையே கட்டினேன். அதைக்கூட மறுக்க என்னால் ஆகவில்லை.

நேற்று ஆர்லோ என்னை விறகுக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சண்டை போட்டான். "நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்" என்றான். "அவ வாக்குக் கேட்டது என்கிட்ட, உன்கிட்ட இல்ல. இதுல நீ தலையிடாத" என்றேன். "சரி, நாளைக்கு டெல் வந்து நின்னு, ஏம்ப்பா என்கிட்ட மறைச்சேன்னு கேட்டா? அப்ப என்ன சொல்லுவீங்க?" என்றான். கோடரியை எடுத்து விறகு பிளந்தேன். இந்த வெயிலில் யாருக்கு விறகு? பிளந்துகொண்டே இருந்தேன். அவனும் போகவில்லை, பிளந்ததை எடுத்து அடுக்கினான்.

அப்புறம் அவன் ஒரு யோசனை சொன்னான். ஹேனோவர் வரை வண்டி ஓட்டிப் போய் ஒருவரைக் கூட்டிவந்து, நம் ஊருக்கு வெளியே தடம் ரோட்டைக் கடக்கும் இடத்தில் இறக்கிவிட்டால், மூட்டையும் முதுகுமாக அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வரலாம். முன்னறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கு எங்கிருந்து நடந்து வந்தார் என்று எப்படித் தெரியும் என்றான். தெரியும் என்றேன். உன் அம்மா காலணியைப் பார்த்தே, இது எந்த மாநிலத்துச் சேறு என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் அவன் பேச்சை நான் தடுக்கவில்லை. இப்போது உனக்கு எழுதியும்விட்டேன். இதனால் வாக்கு மீறியவன் ஆகிவிட்டேனா என்று தெரியவில்லை. அப்படியே ஆனாலும் என்னை அவள் மன்னிப்பாள். மன்னிக்க அவளுக்கு அவகாசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இல்லை, நீ முழுவதும் நடந்தே வருவதாக முடிவு செய்தால் அதிலும் தவறில்லை. அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். அந்த மலைகளை நீ விட்டுவிட்டு வந்தாய் என்று தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் எது சரி என்று எத்தனையோ நாளாக யோசிக்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்தால் உன் முகம் தெரிகிறது. மறுபக்கம் சாய்ந்தால் அவள் முகம். இருவருக்கும் நடுவில் என்னால் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை, டெல்.

அதனால் இதை மட்டும் செய். பார்சலைப் பிரிக்காதே. தோழிகளிடம் சொல்லிவிட்டு, அங்கே எங்காவது போன் இருக்கும் இடம் போய், காலை வேளையில் வீட்டுக்குக் கூப்பிடு. வெர்னா வந்து போன பிறகு கொஞ்ச நேரம் அம்மா விழித்திருப்பாள். நான் எடுப்பேன். என்னிடம் எதுவும் கேட்காதே, நான் சொல்ல முடியாதவன். போனில் பேச மாட்டேன் என்று அவள் கையசைப்பாள். இந்த ஒரு முறை அதைக் கேட்க மாட்டேன். போனைக் கொண்டுபோய் அவள் காதோடு வைத்துப் பிடித்துக்கொள்வேன்.

அவள் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். ஆறு எப்படி இருந்தது என்று கேட்பாள். நீ பதில் சொல்லு, உன் நீச்சலைப் பற்றிச் சொல்லு, சிரி. அவள் சொல்லும் சொல்லை நம்பாதே மகளே. குரலைக் கேள்.

கேட்ட பிறகு நீயே முடிவு செய். ஆர்லோ வண்டியில் பெட்ரோல் நிரப்பி வைத்திருக்கிறான். நீ எப்படி வந்தாலும், எந்த வழியாக வந்தாலும், எதைச் சுமந்துகொண்டு வந்தாலும் இந்த வீட்டில் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல யாரும் இல்லை. கடவுள் உன் கால்களுக்குத் துணையிருக்கட்டும்.

வந்துவிடு அம்மா.

உன் அப்பா,
லியோனல்